மயில்துத்தம் கரைக்கும் முன் புட்வால்வைப் பாருங்கள்

பண்ணைக்குட்டைத் தண்ணீர் பச்சையானதும் பலரும் முதலில் செய்வது, கடையில் ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்கிவந்து கொட்டுவது. மூன்று நாளில் தண்ணீர் ஓரளவு தெளியும். அடுத்த சில நாளில் டிரிப் பில்டர் அடைக்கும், கடைசி வரிசைச் செடிக்குத் தண்ணீர் போய்ச் சேராது. காரணம் எளிமையானது. உயிரோடு மிதக்கிற பாசியைவிட, செத்து நைந்த பாசிதான் குழாய்க்குப் பெரிய எதிரி. நைந்த துணுக்குகள் பில்டர் கண்ணைத் தாண்டிப் போய், டிரிப்பருக்குள் இருக்கும் வளைவான சிறு பாதையில் படியும். அதைத் தின்று பாக்டீரியா பெருகும். அது கொழகொழவென்று ஒரு படலம் கட்டும். அந்தப் படலத்தில் மண்துகள் ஒட்டும். ஒட்டிய இடம் இறுகிப்போனால் தட்டினாலும் வராது.

பாசனக் குட்டை குடிதண்ணீர்த் தொட்டி அல்ல. அடி தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மோட்டார் உறிஞ்சுகிற இடத்துத் தண்ணீர் நன்றாக இருந்தால் போதும். வாய்க்காலில் பாய்ச்சுகிறவர்களுக்குப் பச்சைத் தண்ணீரால் பெரிய தொல்லை கிடையாது. இனி சொல்வதெல்லாம் டிரிப், தெளிப்பான் வைத்திருப்பவர்களுக்கே.

முதல் வேலை, உறிஞ்சுக்குழாயின் நுனியில் தண்ணீருக்குள் இருக்கும் புட்வால்வு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. பெரும்பாலான குட்டைகளில் அது அடியில் சகதிக்குள் கிடக்கும், இல்லையென்றால் நீர்மட்டம் இறங்கி மேலே மிதக்கும் பாசிக்குள் நிற்கும். இரண்டுமே மோசம். பச்சைப் பாசி வெளிச்சத்தைத் தேடி மேலேயே இருக்கும். செத்தது அடியில் படியும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தண்ணீர்தான் நமக்கு வேண்டியது. நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி கீழே, தரையிலிருந்து குறைந்தது இரண்டடி மேலே புட்வால்வு நிற்க வேண்டும். நீர்மட்டம் தினமும் மாறுவதால் நிலையான குழாயில் இது நடக்காது. 20 லிட்டர் கேன் இரண்டை மூடியை இறுக்கி மிதவையாக வைத்து, நடுவில் ஒரு குறுக்குக் குழாய் கட்டி, அதிலிருந்து இரண்டடிக் கயிற்றில் புட்வால்வைத் தொங்கவிடுங்கள். கரையிலிருந்து மிதவை வரைக்கும் வளையக்கூடிய உறிஞ்சுக்குழாய் வேண்டும். சாதாரண தோட்டக்குழாய் போட்டால் உறிஞ்சும்போது சப்பிப்போகும். கம்பிச்சுருள் வைத்த சக்ஷன் ஹோஸ்தான் தாங்கும். புட்வால்வைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து, அதன்மேல் கொசுவலை அல்ல, மீன்வலை போன்ற சற்றுப் பெரிய கண் உள்ள வலையைச் சுற்றுங்கள். கொசுவலை சுற்றினால் அரைமணி நேரத்தில் அடைத்து மோட்டார் காற்று வாங்கும்.

காற்றடிக்கும் திசையும் கணக்கில் வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற கோவை, திருப்பூர், பல்லடம் பக்கம் வைகாசி முதல் ஆவணி வரை மிதக்கிற பாசி முழுவதும் கிழக்குக் கரையில் போய் ஒதுங்கும். அந்தப் பக்கம் உறிஞ்சுக்குழாய் வைத்திருந்தால் குட்டையிலேயே மோசமான தண்ணீரைத் தேடி எடுக்கிறீர்கள் என்று பொருள். மேற்குக் கரைக்கு மாற்றுங்கள். போர்த்தண்ணீர் விழுகிற குழாயும் உறிஞ்சுகிற இடமும் எதிரெதிர் மூலையில் இருக்கட்டும், விழுகிற வேகத்தில் கலங்கிய சகதி நேராக மோட்டாருக்குப் போகாது.

அடுத்து, இருப்பது என்ன பாசி என்று தெரிய வேண்டும். இதற்கு ஒரு குச்சியும் ஒரு கண்ணாடி பாட்டிலும் போதும். குச்சியைத் தண்ணீரில் விட்டுச் சுழற்றித் தூக்குங்கள். தலைமுடி போல நீளமாகச் சுற்றிக்கொண்டு வந்தால் இழைப்பாசி. பெயிண்ட் தோய்த்தது போல நீலப்பச்சையாக ஒட்டிக்கொண்டால் நீலப்பச்சைப் பாசி. எதுவும் ஒட்டாமல் தண்ணீர் மட்டும் பச்சையாக இருந்தால் பாட்டிலில் முக்கால் பங்கு பிடித்து, அசைக்காமல் ஓர் இரவு வையுங்கள். காலையில் பச்சை மேலே ஏடு போல் மிதந்தால் நீலப்பச்சைப் பாசி, அடியில் படிந்தால் சாதாரண மிதவைப் பாசி. நீலப்பச்சைப் பாசிக்கு உள்ளே காற்றுப்பைகள் உண்டு, அதனால்தான் மேலே வருகிறது. வேர்விட்டு, தண்டும் இலையுமாக வளர்வது வேலம்பாசி. பெயரில் பாசி இருந்தாலும் அது செடி, அதன் கதை வேறு.

நீலப்பச்சை என்று தெரிந்தால் அன்றைக்கே ஆடு மாடுகளை அந்தத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள். அதன் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். மருந்தடித்துப் பாசி வெடிக்கும்போது உள்ளே இருக்கும் நஞ்சு மொத்தமாகத் தண்ணீரில் இறங்கும், அதனால் மருந்துக்குப் பிறகுதான் ஆபத்து அதிகம். நாய் கூட ஏட்டை நக்கிச் சாகும்.

குட்டைக்குள் பாசிக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? வெயிலைத் தடுக்க முடியாது, மணிச்சத்தை (பாஸ்பரஸை) தடுக்கலாம். டிஏபி உரம் போட்ட வயலில் மழை அடித்தால் மண்ணோடு ஒட்டி மணிச்சத்து வரும். சாணிக்குழி குட்டைக்கு மேட்டில் இருந்தால் தனியாகச் சொல்லவே வேண்டாம். மழைநீர் வரும் வாய்க்காலில், குட்டைக்கு முன்னால் பத்தடி நீளம், ஐந்தடி அகலம், மூன்றடி ஆழத்தில் ஒரு வண்டல் குழி எடுங்கள். அதற்கு முன்னால் பதினைந்து இருபது அடிக்கு அருகம்புல்லை அடர்த்தியாக விடுங்கள். ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் குழியை அள்ளாவிட்டால் அடுத்த மழை அந்த வண்டலையும் சேர்த்து உள்ளே தள்ளும். அள்ளுகிறவர்கள் குறைவு என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு வழி பலர் கண்ணில் படுவதே இல்லை. உரக்கரைசலை உறிஞ்சிப் பாசனக் குழாயில் கலக்கும் வென்சுரியில் உரம் போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. புட்வால்வின் ரப்பர் தேய்ந்து கசிகிறது. மெயின் குழாயில் இருக்கும் உரத்தண்ணீர் அப்படியே பின்னோக்கி ஓடிக் குட்டைக்குள் இறங்கும். வென்சுரியின் குழாய் உரத் தொட்டிக்குள் மூழ்கியிருந்தால் தொட்டியில் மிச்சம் உள்ள கரைசலும் கூடவே போகும். வெயில் காலத்தில் ஒருநாள் கரண்ட் எத்தனை தடவை போய் வருகிறது என்று எண்ணினால் எவ்வளவு உரம் குட்டைக்குப் போகிறது என்பது புரியும். மோட்டாரைத் தாண்டி, வென்சுரிக்கு முன்னால் ஒரு என்ஆர்வி (தண்ணீரைப் பின்னோக்கி விடாத வால்வு) போடுங்கள். போட்டதும் சோதியுங்கள்: மோட்டாரை ஓட்டி நிறுத்திவிட்டு, பிரஷர் கேஜைப் பாருங்கள். முள் சட்டென்று பூஜ்ஜியத்துக்கு விழுந்தால் கசிகிறது. மெதுவாக இறங்கினால் சரி, டிரிப்பர் வழியாகத்தான் வெளியேறுகிறது.

ஜீவாமிர்தத்தைக் குட்டையிலேயே கலந்துவிட்டால் வேலை மிச்சம் என்று சிலர் செய்கிறார்கள். அது பாசிக்கு விருந்து. தனித் தொட்டியில் கரைத்து, வடிகட்டி, பயிருக்கு விடுங்கள்.

ஆழம் குறைவான கரையோரம் இழைப்பாசிக்கு நாற்றங்கால். வெளிச்சம் தரையைத் தொடுகிற இடத்தில்தான் அது முளைக்கிறது, தை கடைசியிலேயே அடியில் பச்சைப் பஞ்சு போலத் தொடங்கிவிடும். பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும்போது வெளிவரும் பிராணவாயுக் குமிழ்கள் இழைகளுக்குள் மாட்டிக்கொள்ள, பாய் பாயாக மேலே மிதந்து வரும். இரவில் குமிழ் குறைந்து மறுபடி அமிழும். ஆகவே வாரும் வேலையைக் காலையில் தொடங்காதீர்கள். மதியம் ஒரு மணிக்கு மேல் மூன்றரை மணிக்குள், நல்ல வெயிலில் வாருங்கள். இரண்டு பேர் எதிரெதிர்க் கரையில் நின்று ஒரு தேங்காய்நார்க் கயிற்றைத் தண்ணீரின் மேல் இழுத்துக்கொண்டே நடந்தால் பாசி ஒரு மூலையில் சுருண்டு சேரும். அங்கே வலையால் அள்ளலாம். ஷீட் விரித்த குட்டையில் இரும்பு வாரியே கூடாது. 500 மைக்ரான் ஷீட்டில் ஒரு பல் குத்தினாலும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், ஓட்டை எங்கே என்று தேடித் தேடியே கோடை முடிந்துவிடும். பிவிசி குழாயில் டி-ஜாயிண்ட் போட்டு, ஓரங்களைத் தேய்த்து மழுக்கி வாரி செய்துகொள்ளுங்கள்.

அள்ளிய பாசியை உள்கரையில் போடாதீர்கள். காய்ந்து, மழைக்கு நைந்து, அதில் இருந்த சத்து அத்தனையும் குட்டைக்கே திரும்பிவிடும். கரையைத் தாண்டிக் கொண்டுபோய் வாழை மரத்தடியில் மூடாக்காக்குங்கள், அல்லது எருக்குழியில் போடுங்கள். வாரும்போது ஷீட் குட்டையில் இறங்கவே வேண்டாம். பாசி படிந்த ஷீட் சோப்புத் தேய்த்தது போல வழுக்கும். நீந்தத் தெரிந்தவர்கள் கூட ஏற முடியாமல் இறந்திருக்கிறார்கள். நான்கு மூலையிலும் முடிச்சுப் போட்ட கயிறு தரை வரை தொங்கட்டும், ஒரு பழைய லாரி டியூப் கரையில் கிடக்கட்டும்.

இத்தனையும் செய்த பிறகும் பாசி அடங்கவில்லை என்றால் மயில்துத்தம். அளவு தெரியாமல் கொட்டக் கூடாது. அளவைத் தீர்மானிப்பது இரண்டு: குட்டையின் கொள்ளளவு, தண்ணீரின் காரத்தன்மை. பிஎச் வேறு, காரத்தன்மை வேறு. தண்ணீரில் பைகார்பனேட் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைத்தான் காரத்தன்மை சொல்லும். இறால் பண்ணைக்காரர்கள் பயன்படுத்தும் சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்றிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கொள்ளளவுக் கணக்கு: மேல்பரப்பு, நடுமட்டப் பரப்பின் நான்கு மடங்கு, அடிப்பரப்பு மூன்றையும் கூட்டி, ஆழத்தால் பெருக்கி, ஆறால் வகுக்க வேண்டும். 30க்கு 30 மீட்டர், 2 மீட்டர் ஆழம், ஒன்றரைக்கு ஒன்று சரிவு உள்ள குட்டை என்றால் அடி 24க்கு 24, நடு 27க்கு 27. ஆக 900 + 2,916 + 576 = 4,392. இரண்டால் பெருக்கி ஆறால் வகுத்தால் 1,464 கனமீட்டர், அதாவது 14 லட்சத்து 64 ஆயிரம் லிட்டர். பலர் 30 × 30 × 2 என்று பெருக்கி 18 லட்சம் லிட்டர் எனக் கணக்குப் போட்டுக் கிட்டத்தட்ட கால் பங்கு மருந்தைக் கூடுதலாகப் போடுகிறார்கள். அரைக் குட்டைத் தண்ணீர் இருக்கும்போது முழுக்குட்டை அளவைப் போடுவது இன்னும் மோசம்.

காரத்தன்மையை (லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) நூறால் வகுத்தால் வருவதே ஆயிரம் லிட்டருக்குப் போட வேண்டிய கிராம். காரத்தன்மை 120 என்றால் 1.2 கிராம். மேற்சொன்ன குட்டை நிறைந்திருந்தால் மொத்தம் சுமார் ஒன்றே முக்கால் கிலோ. காரத்தன்மை 50க்குக் கீழே இருந்தால் மீன் உள்ள குட்டையில் தொடவே கூடாது, மீன் செத்துவிடும். 250க்கு மேலே இருந்தால் போட்டும் பயனில்லை. செம்பு கார்பனேட்டாக மாறி அடியில் படிந்துவிடும், பாசி சிரித்துக்கொண்டே வளரும். உள்மாவட்டங்களின் கடினமான போர்த்தண்ணீர் பலவும் இந்த எல்லையைத் தாண்டியது. “எவ்வளவு போட்டாலும் கேட்கவில்லை” என்று சொல்கிறவர்களின் குட்டையில் அநேகமாக நடப்பது இதுதான். அவர்கள் அளவைக் கூட்டுவதற்குப் பதிலாக மருந்தையே விட்டுவிட்டு, புட்வால்வுக்கும் பில்டருக்கும் அந்தக் காசைச் செலவழிக்கலாம்.

போடும் முறை: மொத்த அளவில் மூன்றில் ஒரு பங்கை மட்டும், குட்டையின் மூன்றில் ஒரு பங்குக்கு. அடுத்த பங்கு எட்டுப் பத்து நாள் கழித்து. ஒரே நாளில் எல்லாப் பாசியும் செத்தால் அது அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு தீர்ந்து, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். மேகமூட்டமான நாளில் போடாதீர்கள், வெயில் உள்ள காலை வேளையே சரி. கரையோரத்தில் தொடங்கி நடுவை நோக்கிப் போங்கள், மீன் ஒதுங்க இடம் இருக்கும். மயில்துத்தத்தை அப்படியே வாளியில் கொட்டினால் அடியில் கட்டியாக நிற்கும். பருத்தித் துணியில் முடிந்து, தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் வாளியின் மேல்மட்டத்தில் தொங்கவிட்டால் தானாகக் கரைந்து கீழே இறங்கும். இரும்பு, நாகத் தகடு, அலுமினியப் பாத்திரம் எதுவும் ஆகாது. கரைசலில் உள்ள செம்பு அந்தப் பாத்திரத்தின்மேல் படிந்துவிடும், பாத்திரமும் அரித்துப்போகும். போட்டபின் இரண்டு மூன்று நாள் மோட்டாரை ஓட்டாதீர்கள், செத்தது அடியில் படியட்டும். செம்மறி ஆட்டுக்குச் செம்பு ஆகவே ஆகாது, மாட்டைவிட மிகக் குறைந்த அளவே அதைக் கொல்லும்.

மயில்துத்தத்தில் நாலில் ஒரு பங்கு செம்பு. ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம் போட்டால் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் செம்பு. ஆண்டுக்கணக்கில் பாய்ச்சும் தண்ணீருக்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு வைத்திருக்கும் வரம்பு 0.2. ஆகவே இது வருடத்துக்கு ஒருமுறை அவசரத்துக்கு எடுக்கும் மருந்து. மாதாமாதம் போடுகிறவர்கள் செம்பை வண்டலில் சேர்த்து வைக்கிறார்கள், அந்த வண்டலைத்தான் பிறகு வயலில் கொட்டுவார்கள்.

மீன் விட்டால் பாசி போய்விடும் என்பது பாதி உண்மை. புல்கெண்டை வேலம்பாசியை நன்றாகத் தின்னும். 20 சென்ட் குட்டைக்கு ஐந்தாறு போதும். இழைப்பாசியை வேறு நல்ல தீனி இல்லாதபோதுதான் தொடும். வெள்ளிக்கெண்டை மிதவைப் பாசியை வடிகட்டித் தின்னும், ஆனால் பெரிய பாசியைத் தின்று கழிக்க, அதன் கழிவில் சின்னப் பாசி பெருகும். தண்ணீர் பச்சையாகவே இருக்கும், ஏடு மட்டும் குறையும். சாதாக்கெண்டை வேண்டவே வேண்டாம், அடியைக் கிளறிச் சகதியைக் கலக்கிவிடும். எது விட்டாலும் தவிடும் புண்ணாக்கும் போடாதீர்கள். தீனி போட்டு வளர்த்தால் அது மீன் குட்டை, பாசனக் குட்டை அல்ல.

இனி பில்டர். பாசித் தண்ணீருக்கு ஹைட்ரோசைக்ளோன் எதுவும் செய்யாது. அது கனமான மணலைப் பிரிப்பதற்கானது, பாசியோ தண்ணீரைப் போலவே லேசானது. வெறும் வலை பில்டர் போட்டால் இழைகள் கண்ணில் சிக்கி, அழுத்தம் கூடும்போது நசுங்கி உள்ளே போகும். மணல் பில்டர், அதற்கு அடுத்து 120 மெஷ் டிஸ்க் பில்டர் என்ற வரிசை சரி. மணல் பில்டரின் முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் அரை கிலோ அழுத்தத்தைத் தொட்டதும் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது), கடிகாரம் பார்த்து அல்ல. பாசி அதிகமான பங்குனி, சித்திரையில் ஒருநாளில் மூன்று முறை கூடத் தேவைப்படும். வெளிவரும் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள், தெளிந்தால்தான் நிறுத்த வேண்டும். டம்ளரின் அடியில் மணல் தங்கினால் வேகம் அதிகம், பேக்வாஷ் வால்வைச் சற்று மூடுங்கள்.

மாதம் ஒருமுறை மேல்மூடியைத் திறந்து மணலுக்குள் கையை விடுங்கள். உதிரியாக இருக்க வேண்டிய மணல் கொழுக்கட்டை போல உருண்டையாக, வழவழவென்று கைக்கு வந்தால், தண்ணீர் அந்த உருண்டைகளைச் சுற்றிப் பள்ளம் பறித்துக்கொண்டு வடிகட்டப்படாமலே போகிறது. இந்த நேரத்தில் கேஜில் வித்தியாசமே காட்டாது, அதனால் எல்லாம் சரி என்று நம்பிவிடுவோம். குளோரின் தண்ணீரை நிரப்பி இரவு முழுக்க ஊறவைத்துப் பேக்வாஷ் செய்யுங்கள். உடையாவிட்டால் மணலை எடுத்துக் கழுவத்தான் வேண்டும். பேக்வாஷ் தண்ணீரைக் குட்டைக்கே திருப்பி விட்டிருக்கும் இணைப்புகள் ஏராளம், அதைத் தென்னைக்குத் திருப்புங்கள்.

லேட்டரலுக்குள் (டிரிப்பர்கள் இருக்கும் சிறு குழாய்க்குள்) படிந்த கொழகொழப்புக்கு சோடியம் ஹைபோகுளோரைட். பிளீச்சிங் பவுடர் மலிவு, ஆனால் அதன் சுண்ணாம்பு டிரிப்பரில் படியும். மணிக்கு 10 ஆயிரம் லிட்டர் ஓடும் குழாயில் 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) வேண்டும் என்றால் மணிக்கு 200 கிராம் குளோரின், அதாவது 10 சதவீதக் கரைசல் 2 லிட்டர். அரைமணி நேரம் ஓட்ட ஒரு லிட்டர். கடைசி லேட்டரலின் முனையில் நீச்சல்குளச் சோதனைத் தாளை நனைத்தால் 1 முதல் 2 பிபிஎம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் வழியிலேயே அழுக்கு அதைத் தின்றுவிட்டது, மறுபடி செய்யுங்கள். காட்டியபின் மோட்டாரை நிறுத்திச் சில மணி நேரம் ஊறவைத்து, லேட்டரல் முனைகளின் மூடிகளான எண்ட் கேப்களைத் திறந்துவிட்டுக் கழுவுங்கள்.

குளோரின் விடுவதற்கு விடியற்காலையே ஏற்ற நேரம். பாசி பகல் முழுக்கத் தண்ணீரில் உள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் சாயங்காலம் பிஎச் 9ஐத் தாண்டும், இரவில் இறங்கும். பிஎச் 7.5ல் குளோரினில் பாதி வேலை செய்யும், 8.5ல் பத்தில் ஒரு பங்குதான். அதே மருந்து, அதே காசு. அமிலத்தையும் குளோரினையும் ஒரே நாளில், ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும், பம்ப் ரூமிலேயே ஆள் விழுவார்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்பதைக் குட்டையின் நிறத்தில் தேடாதீர்கள். மணிக்கு நான்கு லிட்டர் விடும் டிரிப்பர் ஒரு நிமிடத்தில் 67 மில்லி சொட்ட வேண்டும். முதல் லேட்டரலிலும் கடைசி லேட்டரலிலும், தலைப்பிலும் முனையிலுமாக எட்டு டிரிப்பருக்கு அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தயிர் டப்பா வைத்து ஒரு நிமிடம் பிடித்து, மருந்து அளக்கும் மூடியால் அளந்து, தேதி போட்டுப் பம்ப் ரூம் சுவரில் எழுதுங்கள். 60க்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே எண்ட் கேப்பைத் திறங்கள்.